பேனை வைத்தியர்

2009 இடப்பெயர்வில் உடைமைகளை இழந்த எம் வற்றாப்பளை மக்களுக்குத் தந்தையாரின் ஊற்றுப்பேனை எஞ்சியிருத்தலே பெரும் பேறு. அது எழுத மறுப்பின் எறிதல் தகாது. பெரும்பாலும் பழுதாவது மை உறிஞ்சும் இறப்பர்ப் பையே. அது காலத்தால் இறுகி வெடித்திருக்கும். பொன்முள்ளோ துருவேறாது.

வல்ல வைத்தியரை அறிவது எங்ஙனம்? முறுக்கி இழுப்பவர் வல்லுநர் அல்லர். அவர் இளஞ்சூட்டில் பிடியை நெகிழ்த்துவார். புதுப் பையை அரக்குக் கரைசலால் ஒட்டுவார். பின்வருபவரும் கழற்ற வேண்டுமன்றோ! 1948இல் வந்த பார்க்கர் 51 வகையின் பை நெடிதுழைப்பது. பெரும்பாலும் கழுவுதலே போதும். அதனைப் பிரிக்காது விடுதலும் புலமையே.

சென்னைப் பாரிமுனையின் ஜெம் அண்ட் கோ இப்பணியில் பெயர்பெற்றது. கடல் கடந்து செல்ல இயலாதார்க்கு யார் துணை? எம் மாணவருள் ஒருவரேனும் இக்கைவினையைப் பயில்வாராக. முன்னோர் ஏட்டைக் காப்பதுபோல் எழுதுகோலைக் காப்பதும் தமிழ்ப்பணியேயாம்.