ஃப்ரிட்ஜ் மேலே மாத்திரை டப்பா... மீதி மாத்திரைகள் யார் கைக்குப் போகின்றன?

ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு பொருளைப் பார்க்கலாம். பழைய பிஸ்கட் டின், இல்லையென்றால் ஸ்வீட் கடை பிளாஸ்டிக் டப்பா, அதுவும் இல்லையென்றால் மருந்துக்கடை பெயர் போட்ட கவர். இடம், ஃப்ரிட்ஜ் மேலே. உள்ளே பாதி கிழிந்த மாத்திரை அட்டைகள், அடியில் கொஞ்சம் மீந்துபோன இருமல் சிரப், தாத்தாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது எழுதிக் கொடுத்த வலி மாத்திரையில் ஓர் அட்டை, பாட்டிக்குத் தூக்கம் வராதபோது வாங்கியதில் ஏழெட்டு. 'காசு கொடுத்து வாங்கினது, எதுக்கு வீசணும்? யாருக்காவது ஆகும்' என்று எடுத்து வைத்தது.

அந்த 'யாருக்காவது' யார் என்பதில்தான் சிக்கல்.

டப்பாவில் இருக்கும் எல்லாமே ஆபத்தானவை அல்ல. பிபி மாத்திரையையும் வாயு மாத்திரையையும் யாரும் போதைக்காகத் தேடி வர மாட்டார்கள். தேடப்படுபவை சில வகைகள்தான். டிரமடால், டேபென்டடால் போன்ற கடுமையான வலி நிவாரணிகள். அல்ப்ராசோலம், டயஸெபம், நைட்ரஸெபம் போன்ற பதற்றம், தூக்கத்துக்கான மாத்திரைகள். கோடீன் கலந்த இருமல் மருந்து. நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை எடுத்துக்கொண்டால் இவை நல்ல மருந்துகள்தான். ஆபரேஷன் முடிந்தவருக்கு வலி மாத்திரை மறுக்கப்படுவது கொடுமை. அந்த நல்ல மருந்து, தேவை முடிந்த பிறகும் வீட்டிலேயே தங்கிவிடுவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வு, நம் நாட்டில் 10 முதல் 75 வயதுக்குள் இருப்பவர்களில் 1.08 சதவிகிதம் பேர் மருத்துவக் காரணமில்லாமல் தூக்க, மயக்க மாத்திரைகளைப் பயன்படுத்துவதாகக் கணக்கிட்டது. அபின் வகையைச் சேர்ந்த மருந்துகளுக்கு அது 0.96 சதவிகிதம். பார்க்கச் சின்ன எண்கள். ஆனால், நம் மக்கள்தொகையில் ஒரு சதவிகிதம் என்பதே ஒரு கோடிப் பேரைத் தொடும்.

'உடல்வலி நிவாரண மாத்திரைகளைப் போதைக்காக விற்ற இளைஞர்கள் கைது' என்ற செய்தி சென்னைக்கும் புறநகருக்கும் பழகிப்போன ஒன்று. நியாயமாகச் சொன்னால், அந்த வழக்குகளில் பிடிபடும் மாத்திரைகள் பாட்டியின் டப்பாவிலிருந்து போனவை அல்ல. அவை மொத்தமாகக் கள்ளத்தனமாக வாங்கப்பட்டவை. அதைப் போலீஸும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் பார்க்க வேண்டும். ஆனால், பரீட்சை பயத்தில் தூக்கம் வராத பத்தாம் வகுப்புப் பையனோ, காதல் முறிவில் இரவு முழுக்க அழும் கல்லூரிப் பெண்ணோ முதலில் ஏஜென்ட்டைத் தேடிப் போவதில்லை. கை எட்டும் தூரத்தில் இருப்பதைத்தான் எடுப்பார்கள். வலி மாத்திரையைத் தவறாகப் பயன்படுத்திய அமெரிக்கர்களிடம் 'எங்கே கிடைத்தது' என்று அரசு ஆய்வு கேட்டபோது, பாதிப்பேர் அளவுக்குச் சொன்ன பதில், 'நண்பர் அல்லது உறவினரிடமிருந்து' என்பதுதான். அதில் கேட்டு வாங்கியதும் உண்டு, கேட்காமல் எடுத்ததும் உண்டு.

இரண்டு வயதுக் குழந்தைக்கோ அது மிட்டாய். வாழ்க்கை வெறுத்த ஒரு ராத்திரியில் பெரியவர்களுக்கும் அதே டப்பா கைக்கு எட்டும்.

துண்டுச்சீட்டா, பையா?

வீட்டில் மீந்த மாத்திரையைப் பாதுகாப்பாக ஒழிக்கும் வேலையை அமெரிக்கா பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறது. அங்கே வலி மாத்திரைகளால் லட்சக்கணக்கான உயிர்கள் போன பிறகு வந்த ஞானம் அது. 2010 செப்டம்பரில் முதல் முறையாக நாடு முழுக்க 'மருந்தைத் திருப்பிக் கொடுக்கும் நாள்' நடத்தினார்கள். ஒரே நாளில் சுமார் 121 டன் சேர்ந்தது. அதன்பின் ஏப்ரல், அக்டோபர் என்று வருடத்துக்கு இருமுறை நடப்பது வழக்கமானது.

டன் கணக்கைக் கேட்டுக் கை தட்டிவிட்டுப் போயிருக்கலாம். சில ஆராய்ச்சியாளர்கள் அந்தக் குவியலைப் பிரித்து எண்ணிப் பார்த்தார்கள். பெரும்பங்கு சாதாரண மருந்துகள். போதைக்குப் பயன்படக்கூடியவை சிறு பங்குதான். எவ்வளவு எடை சேர்ந்தது என்பது, ஆபத்து எவ்வளவு குறைந்தது என்பதற்கு அளவுகோல் ஆகாது என்று புரிந்தது.

அடுத்த யோசனை, மருந்தை ஒழிக்கும் பொருளையே நோயாளியின் கையில் கொடுத்து அனுப்புவது. அது சின்னப் பைதான். உள்ளே ஆக்டிவேட்டட் சார்க்கோல் எனப்படும் பதப்படுத்திய கரித்தூள் இருக்கும். மாத்திரைகளைப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, மூடிக் குலுக்கினால், கரைந்த மருந்தைக் கரி தன்மேல் பிடித்து வைத்துக்கொள்ளும். பிரித்தெடுத்துப் பயன்படுத்துவது கடினம். பையைக் குப்பையில் போட்டுவிடலாம்.

இது வேலை செய்கிறதா? மிஷிகன் பல்கலைக்கழகக் குழு ஒன்று இதைச் சோதித்து 2019-ல் 'ஜாமா சர்ஜரி' இதழில் வெளியிட்டது. ஆபரேஷன் முடிந்து அன்றே வீட்டுக்குப் போகும் நோயாளிகளை மூன்று பிரிவாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவுக்கு, எப்படி, எங்கே ஒழிப்பது என்று விளக்கும் துண்டுச்சீட்டு. மூன்றாவது பிரிவுக்குக் கரிப் பை. சில வாரங்கள் கழித்துக் கேட்டபோது, அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 28.6 சதவிகிதம் பேர் மீதி மாத்திரையை ஒழித்திருந்தார்கள். துண்டுச்சீட்டு பெற்றவர்களில் 33.3. பை பெற்றவர்களில் 57.1.

துண்டுச்சீட்டு அடிப்பது நமக்கு மிகவும் பிடித்த வேலை. ஊருக்கு ஒரு விழிப்புணர்வுப் பேரணி, ஒரு பேனர், ஆளுக்கு ஒரு நோட்டீஸ். அந்த நோட்டீஸால் கிடைத்த லாபம் வெறும் நான்கைந்து புள்ளிகள்தான் என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒழிக்கக் கூடாது என்று யாரும் பிடிவாதமாக இருப்பதில்லை. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போகிறது. கையில் பை இருந்தால் வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

குழந்தைகளுக்கு ஆபரேஷன் நடந்த குடும்பங்களில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்த இன்னொரு சோதனையிலும் இதே போக்கு. பை பெற்ற குடும்பங்களில் 71.7 சதவிகிதம், பெறாதவர்களில் 56.2 சதவிகிதம். வித்தியாசம் முன்னதைவிடக் குறைவு. பெற்றோர் என்றால் ஏற்கெனவே கொஞ்சம் உஷார் என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு சோதனைகளிலும் ஒரு குறை உண்டு. ஒழித்தீர்களா என்று நோயாளியையும் பெற்றோரையும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள், வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து எண்ணவில்லை.

பக்கத்து மாநிலத்தில் வாசலுக்கே வருகிறார்கள்

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'என்பிரவுட்' என்ற திட்டத்தை 2025 பிப்ரவரியில் தொடங்கியது. முதல் கட்டமாக எடுத்துக்கொண்டது கோழிக்கோடு மாநகராட்சியையும் அதே மாவட்டத்தின் உள்ளியேரி ஊராட்சியையும். காலாவதியான, பயன்படாத மருந்துகளை வீடுகளிலிருந்தும், குறிப்பிட்ட இடங்களில் வைத்த பெட்டிகளிலிருந்தும் சேகரித்து, எர்ணாகுளம் மாவட்டத்தில் உள்ள கழிவு மேலாண்மை நிறுவனத்துக்கு அனுப்பி எரிக்கிறார்கள். இதற்கு முன் திருவனந்தபுரத்தில் மருந்து வணிகர்களோடு சேர்ந்து இதேபோல ஒரு முயற்சி நடந்திருக்கிறது.

2025 மே மாதம் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பும் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகளும் மருந்து வணிகர் சங்கங்களும் சேர்ந்து, மருந்தைத் திரும்பப் பெறும் மையங்களைத் தொடங்கலாம் என்கிறது அது. உண்மையில், 2016-ம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே காலாவதி மருந்தை 'வீட்டு அபாயக் கழிவு' என்று தனியாகப் பிரித்தன. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு வாளி வைக்கப் பழகிவிட்டோம். மூன்றாவது வாளியைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

ஊரப்பாக்கம் மாதிரியான ஊருக்கு இது ஏன் அவசரம்? இங்கே பிள்ளைகளை வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெரியவர்களும் உண்டு, சுற்றியுள்ள கல்லூரிகளுக்காக வாடகைக்கு வீடெடுத்த மாணவர்களும் உண்டு. ஒரே அபார்ட்மென்ட்டில் கீழ்த்தளத்தில் மாத்திரை குவிகிறது, மேல்தளத்தில் பதினெட்டு வயசு. வண்டலூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி ரோட்டில் மருந்துக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்த பிறகு வீடுகள் இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன.

ஆள் புதிதாகத் தேட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் சுகர், பிபி மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மருந்து கொடுக்கும் அதே கை, ஆபரேஷனான வீட்டில் ஒரு கரிப் பையையும் கொடுக்கலாம். அடுத்த மாதம் வரும்போது, 'அந்த வலி மாத்திரை மீதி என்னாச்சும்மா, டப்பாவைக் கொஞ்சம் காட்டுங்க' என்று எண்ணியும் பார்த்துவிடலாம். எத்தனை பை கொடுத்தோம் என்பதைவிட அந்த எண்ணிக்கைதான் முக்கியம். கூடவே, 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களில் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி. பூட்டு மிக முக்கியம். திறந்த பெட்டி வைத்தால், தேடுகிறவர்களுக்கு நாமே சேகரித்துக் கொடுத்ததாகிவிடும்.

இன்றைக்கு வீட்டில் என்ன செய்வது?

முதலில், மருந்து வாங்கிய கடையிலும் ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் ஃபார்மஸியிலும் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். பணம் திரும்பக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, மருந்து போனால் போதும்.

வழியில்லை என்றால், சாதாரண மாத்திரைகளுக்கு நம் வீட்டிலேயே ஓர் உபாயம் இருக்கிறது. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பொடிக்காமல், ஃபில்டரில் மீந்த காபித்தூள் சக்கையோடு கலந்து, கவரில் போட்டு இறுக்கிக் கட்டிக் குப்பையில் சேருங்கள். அமெரிக்க உணவு, மருந்துத் துறையே காபிச் சக்கையைச் சிபாரிசு செய்கிறது. காபி குடிக்காத வீடென்றால் மண் போதும். நோக்கம், பார்க்கிறவர்களுக்கு எடுக்கத் தோன்றக் கூடாது என்பதுதான். அட்டையோடு அப்படியே போட்டால் குப்பையைப் பிரிக்கும் தூய்மைக் காவலர் கையிலோ, கிளறுகிறவர்கள் கையிலோ புத்தம் புதிதாகக் கிடைக்கும். மருந்துச் சீட்டையும் பெயர் தெரியாதபடி கிழித்துவிடுங்கள்.

வலிமையான சில மருந்துகளுக்கு மட்டும் கதை வேறு. மார்பின், ஃபென்டனில், டிரமடால், டேபென்டடால், டயஸெபம் உட்பட 17 மருந்துகளை, திருப்பிக் கொடுக்க வழியில்லாதபோது டாய்லெட்டில் போட்டு ஃப்ளஷ் செய்துவிடலாம் என்கிறது மத்திய அமைப்பின் வழிகாட்டி. ஒரே ஒரு மாத்திரைகூட வேறொருவர் உயிரை வாங்கலாம் என்பதால் கொடுத்த விதிவிலக்கு அது. செப்டிக் டேங்கும் போர்வெல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு இது உறுத்தத்தான் செய்யும். அதனால்தான் திருப்பிக் கொடுப்பதை முதலில் முயல வேண்டும். ஆன்டிபயாடிக் உட்பட மற்ற மருந்துகளை டாய்லெட்டிலோ சிங்க்கிலோ ஊற்றவே கூடாது. அது ஏரிக்கும் நிலத்தடி நீருக்கும் போய்ச் சேரும்.

புற்றுநோய் வலிக்கு ஒட்டும் ஃபென்டனில் பட்டை வீட்டில் இருந்தால், பயன்படுத்தி எடுத்த பட்டையிலும் மருந்து மிச்சமிருக்கும். பசைப் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்துவிடுங்கள். நோயாளி இறந்துபோன வீட்டில், துக்கத்தின் நடுவே மார்பின் மாத்திரை யார் நினைவிலும் இருக்காது. பதினாறாம் நாள் காரியம்வரை காத்திருக்காமல், கொடுத்த மருத்துவமனைக்கே ஒருவர் ஃபோன் செய்து எப்படிச் சேர்ப்பிப்பது என்று கேட்டுவிடுவது நல்லது.

டப்பாவை இறக்கிப் பார்க்கும்போது எண்ணிக்கை குறைந்திருந்தால் வீட்டுப் பிள்ளையைத் திட்டித் தீர்க்காதீர்கள். 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணும், 14416 என்ற டெலி மானஸ் மனநல எண்ணும் கட்டணமில்லாதவை. மயக்கமாக இருந்தால் யோசிக்காமல் 108.

இன்னொரு வழி, மீதியே வராமல் பார்த்துக்கொள்வது. நம் ஊர் மருந்துக்கடைகளில் அட்டையை வெட்டித் தரும் பழக்கம் உண்டு. டாக்டர் வலி மாத்திரையை மூன்று நாளைக்கு எழுதியிருந்தால், 'இருக்கட்டும்' என்று முழு அட்டையாக வாங்காமல் ஆறு மாத்திரை மட்டும் வெட்டித் தரச் சொல்லுங்கள். காலாவதி தேதி இருக்கும் பக்கத்தை உங்கள் துண்டில் விட்டு வெட்டச் சொல்வதும் அவசியம்.