பழைய துப்பாக்கியைப் பளபளப்பாக்கினால் விலை கூடுமா, குறையுமா?

பழைய பொருள் கையில் கிடைத்தால் தேய்த்துப் பளபளன்னு ஆக்கிடலாம்னு தோணும், இல்லையா? சேகரிப்பாளர்கள் தேடும் பழைய துப்பாக்கி என்றால், தயவுசெய்து வேண்டாம்!

(சிங்கப்பூரில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது கடுமையான குற்றம். இது வெளிநாட்டு ஏலச் சந்தையின் கதை.)

ஜெர்மன் ராணுவம் 1908இல் ஏற்றுக்கொண்ட லூகர் கைத்துப்பாக்கியைப் பாருங்கள். அதன் சின்னச் சின்னப் பாகங்களில்கூட வரிசை எண்ணின் கடைசி 2 இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் நல்ல விலை. ஒன்று மட்டும் வேறு எண்ணா? பழுதுபார்த்தபோது மாறியிருக்கலாம், நன்றாகவே சுடும். ஆனாலும் விலை இறங்கிடும்.

அடுத்தது மேற்பரப்பு. அந்தக் கருநீலம் சாயமல்ல. எஃகின்மேல் ரசாயன முறையில் உருவாக்கப்படும் மெல்லிய ஆக்சைடு படலம். அது தேய்ந்துபோச்சேன்னு புதிதாக ஏற்ற நினைத்தால், முதலில் எஃகைத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். அப்போது பொறித்த எழுத்துகள் மங்கும். கூரான விளிம்புகள் மழுங்கும். போன எஃகு திரும்ப வராது. அனுபவசாலிகள் முதலில் பார்ப்பதே அந்த எழுத்துகளைத்தான்.

விதிவிலக்கு உண்டு. பில்லி தி கிட்டை ஷெரிஃப் பேட் காரெட் சுட்ட கோல்ட் துப்பாக்கி 2021இல் 6 மில்லியன் டாலருக்கும் மேல் விலைபோனது. பார்க்கப் புத்தம்புதுசு இல்லைதான். ஆனால் அது யார் யார் கைக்குப் போனது என்பதற்கு ஆவணங்கள் இருந்தன. காரெட்டின் மனைவி வழக்குப் போட்டு அதைத் திரும்பப் பெற்றதும் அதில் அடக்கம்.