டயருக்கும் வயது உண்டு

குலதெய்வ வழிபாட்டுக்குப் புறப்படும்போது, காரின் நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்புவது எங்கள் வீட்டு வழக்கம். 2023-ஆம் ஆண்டு மே மாதத்திலும் அப்படித்தான் தாம்பரத்திலிருந்து விருத்தாசலம் பக்கம் உள்ள எங்கள் ஐயனார் கோயிலுக்குப் புறப்பட்டோம். நான் வண்டியை ஓட்ட, பக்கத்தில் என் மனைவி. பின் இருக்கையில் எண்பத்தேழு வயதான என் தாயார். நண்பகல் அபிஷேகத்துக்கு ஏற்பாடு செய்திருந்தோம்.

அச்சிறுபாக்கத்தைத் தாண்டியதும் பின்புற இடது டயர் பெருஞ்சத்தத்துடன் வெடித்தது. வண்டி ஒருபுறமாக இழுத்தது. பதற்றத்தில் பிரேக்கை அழுத்தாமல் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தேன். வண்டி தானாக வேகம் குறைந்து சாலையோரம் நின்றது. எங்களுக்குப் பின்னால் லாரி எதுவும் நெருங்கி வரவில்லை என்பது ஐயனார் செய்த உபகாரம்.

திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட ஈசனின் தேர், விநாயகரை வணங்காமல் கிளம்பியதால் அச்சு முறிந்து நின்ற தலம் அச்சிறுபாக்கம். 'அச்சு இறு பாக்கம்' என்பதே பெயர்க் காரணம் என்பதை அன்பர்கள் அறிவார்கள். அம்மா அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். "பிள்ளையாரை நெனைச்சுக்கிட்டுத்தானேடா கெளம்பினே?" என்று கேட்டார். நினைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். பார்க்கத் தவறியது வேறொன்றை.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். பத்துக் கிலோமீட்டர் கூடப் போயிருக்க மாட்டோம். பின்னால் தட்டுவது போன்ற ஓசை. இறங்கிப் பார்த்தால், ஸ்டெப்னியின் பக்கவாட்டில் கொழுக்கட்டை அளவு வீக்கம். நல்லவேளையாக அருகிலேயே ஒரு பஞ்சர் கடை இருந்தது. கடைக்காரர் குந்தி உட்கார்ந்து டயரைத் துணியால் துடைத்து, ஓர் எண்ணைக் காட்டினார். 1210. "ஐயா, இது 2010-ல பன்னெண்டாவது வாரம் செஞ்சது. பதிமூணு வயசு ஆவுது" என்றார். வெடித்த டயரில் 3515 என்று இருந்தது. 2015-ஆம் ஆண்டின் முப்பத்தைந்தாவது வாரத்தில் தயாரானது. எட்டு வயது நெருங்கிவிட்டது.

நான் திகைத்துப் போனேன். வங்கியில் இருந்த காலத்தில் தேதி காலாவதியான காசோலைகளை எத்தனையோ திருப்பி அனுப்பியவன் நான். என் சொந்த வண்டியின் டயரில் தேதி இருப்பதே எனக்குத் தெரியாது. 2010-இல் வாங்கிய காருக்கு 2015-இல் நான்கு டயர்களையும் மாற்றினேன். ஸ்டெப்னியை மட்டும், 'ஒருநாளும் தரையில் படாதது, புத்தம் புதியதாக இருக்கிறதே' என்று விட்டுவிட்டேன். அதன் பிறகு வண்டி ஓடியது பதினேழாயிரம் கிலோமீட்டர்தான். பிரதோஷத்துக்கும் கிருத்திகைக்கும் கோயிலுக்குப் போய் வருவது, ஆண்டுக்கொரு முறை ஊர்ப் பயணம், அவ்வளவே. பட்டன் தேயவே இல்லை. பட்டன் இருந்தால் டயர் நன்றாக இருக்கிறது என்றே நம்பியிருந்தேன்.

நம்மைப் போன்ற முதியோர் வீட்டுக் கார்களுக்கு இதுதான் ஆபத்து. வெயிலும் வெப்பமும் காற்றில் உள்ள ஓசோனும் ரப்பரை இறுகச் செய்கின்றன. அதைத் தடுக்க ரப்பரில் சில மெழுகுப் பொருள்களைக் கலக்கிறார்கள். வண்டி ஓடி டயர் நெளியும்போதுதான் அவை மேற்பரப்புக்கு வந்து காக்கின்றன. நிறுத்தியே வைத்திருக்கும் வண்டியில் அந்தக் காப்பு குறைகிறது. பக்கவாட்டில் முடி போன்ற வெடிப்புகள் தெரிந்தால் அது முதுமையின் அடையாளம். ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுதோறும் காட்டிச் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டுகள் ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது டயர் நிறுவனங்கள் பலவும் கூறுவது. நம் ஊர் வெயிலுக்கு ஆறு ஆண்டுகளிலேயே மாற்றிவிடுவது நல்லது என்பது பட்டறிந்த என் கருத்து.

ஓடித் தேயும் டயருக்கு வேறு அடையாளம் உண்டு. பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது; மழையில் வண்டி வழுக்கும். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் சரியில்லை.

எங்கள் டயர் வெடித்ததற்குக் காற்றும் ஒரு காரணம் என்றார் கடைக்காரர். காற்று குறைந்த டயர் மிகுதியாக நெளிந்து சூடேறும். கோடை வெயிலில், நெடுஞ்சாலை வேகத்தில், ஆளும் அபிஷேகச் சாமான்களும் ஏற்றிய வண்டியில் அந்தச் சூட்டை முதிய ரப்பர் தாங்காது. எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் அட்டையில் இருக்கும். டயரில் அச்சிட்டிருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து நிரப்பக் கூடாது. வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் காற்றைச் சோதிக்க வேண்டும். ஸ்டெப்னியையும் சேர்த்து.

நான் ஆட்டோவில் திண்டிவனம் போய் இரண்டு டயர்கள் வாங்கி வந்தேன். டயரில் 145/80 R12 74T என்பதுபோல் எழுதியிருக்கும். அகலம் 145 மில்லிமீட்டர், பக்கவாட்டின் உயரம் அதில் 80 விழுக்காடு, ரேடியல் வகை, ரிம் 12 அங்குலம். 74 என்பது ஒரு டயர் 375 கிலோ சுமக்கும் என்பதன் குறி; T என்பது வேக வரம்பு. விலை குறைகிறதென்று குறைந்த எண் உடையதை வாங்கலாகாது. பழைய டயரில் மீண்டும் பள்ளம் வெட்டிக் கறுப்புப் பூசி விற்பவர்களும் உண்டு. ஆதலால் கடையில் முதலில் அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். ஓராண்டுக்குள் தயாரானதையே கேட்டு வாங்குங்கள்.

புதிய இரண்டையும் முன்னால் போடச் சொன்னேன். கடைக்காரர் கேட்கவில்லை. பின் சக்கரம் பிடிப்பை இழந்தால் வண்டி சுழன்றுவிடும், அதைத் திருப்பிப் பிடிப்பது அனுபவசாலிக்கும் கடினம், எனவே நல்ல டயர் பின்னால்தான் என்று சொல்லிப் பின்னாலேயே மாட்டினார். பிறகு விசாரித்ததில், எஞ்சின் முன் சக்கரத்தை ஓட்டும் கார்களுக்கும் அதுவே விதி என்று அறிந்தேன்.

இதற்குள் மூன்று மணி நேரம் ஓடிவிட்டது. வேப்பமர நிழலில் அமர்ந்திருந்த அம்மாவுக்கு வெயிலில் மயக்கம் வந்தது. கடைக்காரரின் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்துத் தலையில் ஈரத்துணி போட்டார். அபிஷேகத்தைப் பூசாரியே நடத்தட்டும் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, மெதுவாக ஓட்டி வீடு திரும்பினோம். குலதெய்வத்தைப் பார்க்காமல் திரும்பியதில் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மீதி மூன்று டயர்களையும் அந்த வாரமே மாற்றினேன். வால்வும் புதிதாகப் போட்டு, பாலன்சிங்கும் அலைன்மென்ட்டும் செய்தேன்.

ஆடி மாதம் மறுபடி புறப்பட்டோம். முதல் நாளே காற்றைச் சரிபார்த்திருந்தேன். மனைவி நான்கு எலுமிச்சம்பழங்களைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். அம்மா பார்த்துவிட்டு, "இன்னொண்ணு எடுத்துட்டு வாம்மா, டிக்கியில இருக்கறதுக்கு" என்றார்.