குடலுக்கும் ஒரு பசி உண்டு

“மேடம், தினமும் பாலில் மஞ்சள் போட்டுக் குடிச்சா கேன்சர் வராதாமே?” மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கும் என்னிடம் ஓயாமல் வரும் கேள்வி இது. மஞ்சளில் உள்ள குர்குமின் அழற்சியைத் தணிப்பதை ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். ஆனால் மஞ்சள் தூளில் அது இருப்பதே நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான். அதிலும் குடலிலிருந்து ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். அது புற்றுநோயைத் தடுக்கும் என்று மனிதர்களிடம் நிரூபணமாகவில்லை. குழம்பில் மஞ்சள் தாராளமாக இருக்கட்டும். மாத்திரையாக வாங்கி விழுங்க வேண்டாம், அதனால் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு.

ஆனாலும் அழற்சியையும் புற்றுநோயையும் சேர்த்துப் பார்ப்பது சரிதான். விரலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்குகிறது. வெள்ளணுக்கள் திரண்டு வந்து கிருமியை அழிக்கின்றன. புண் ஆறியதும் கலைந்துவிடுகின்றன. இது நம்மைக் காக்கும் அழற்சி. இதே வேலை உடலுக்குள் ஆண்டுக்கணக்கில் நிற்காமல் நடந்தால் ஆபத்து. கிருமியைக் கொல்ல வெள்ளணுக்கள் உமிழும் ரசாயனங்கள் அக்கம்பக்கத்துச் செல்களின் மரபணுவையும் சிதைக்கும். அழிந்ததை ஈடுகட்டச் செல்கள் வேகமாகப் பெருகும். பெருகப் பெருகப் பிழைகள் சேரும். புற்றுக்கட்டிகளுக்குள் வெள்ளணுக்களைப் பார்த்து இந்த உறவை 1863இலேயே ஊகித்தவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ.

இதில் சாப்பாட்டின் பங்கு என்ன? 2015இல் வெளியான ஓர் ஆய்வைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் வாழும் கறுப்பின மக்களிடம் பெருங்குடல் புற்றுநோய் அதிகம்; தென்னாப்பிரிக்கக் கிராமத்து மக்களிடம் மிக அரிது. ஸ்டீபன் ஓ'கீஃப் என்ற மருத்துவரின் குழு இரு பக்கமும் இருபது இருபது பேரைச் சேர்த்து, இரண்டு வாரத்துக்கு அவர்களின் சாப்பாட்டை மாற்றியது. அமெரிக்கர்களுக்கு மக்காச்சோளமும் பயறும் காய்கறியும். ஆப்பிரிக்கர்களுக்குச் சாசேஜ், ஹாம்பர்கர், உருளைக்கிழங்கு வறுவல். அமெரிக்கர்கள் உண்ட நார்ச்சத்து நாளுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக ஏறியது. ஆப்பிரிக்கர்களுக்கு 66 கிராமிலிருந்து 12ஆக இறங்கியது.

இரண்டே வாரத்தில் குடலின் உட்சுவர் பதில் சொல்லிவிட்டது. அமெரிக்கர்களுக்கு அழற்சியின் அடையாளங்களும் செல்கள் பெருகும் வேகமும் குறைந்தன. ஆப்பிரிக்கர்களுக்கு இரண்டும் கூடின.

காரணம் இதுதான். நார்ச்சத்து நமக்குச் செரிக்காது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்குச் செரிக்கும். அவை அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற பொருளைத் தருகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான உணவே அதுதான். அழற்சியை அடக்கிவைப்பதும் அது. நார்ச்சத்து நின்றால் அந்தச் செல்கள் பட்டினி. கொழுப்பு மிகுந்தாலோ அதைச் செரிக்கப் பித்தநீர் கூடுதலாகச் சுரக்கும். மிஞ்சிய பித்தத்தைப் பாக்டீரியாக்கள் குடல் சுவரை அரிக்கும் அமிலங்களாக மாற்றிவிடும். இரண்டு வாரத்தில் யாருக்கும் புற்றுநோய் வந்துவிடாது, போய்விடவும் செய்யாது. ஆனால் உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிந்துவிடும்.

தொப்பையும் இதில் சேரும். தேவைக்கு மேல் சேர்ந்த கொழுப்புத் திசு, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கிறது. உடல் பருமனுக்குப் பதின்மூன்று வகைப் புற்றுநோய்களோடு தொடர்பு இருக்கிறது.

“நேத்து என்னம்மா சாப்பிட்டீங்க?” என்று கேட்பேன். காலையில் இட்லி, மதியம் சாதம், சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், ராத்திரி தோசை என்பார்கள். காய் என்றால் சாம்பாரில் கிடந்த இரண்டு முருங்கைத் துண்டு. மூன்று வேளையும் தீட்டிய அரிசி! 100 கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 3 கிராம்கூடத் தேறாது. கேழ்வரகில் சுமார் 11 கிராம், முழுக் கொண்டைக்கடலையில் சுமார் 25 கிராம். 2000 கலோரி சாப்பாட்டில் 30 கிராம் நார்ச்சத்தாவது இருக்க வேண்டும் என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ராத்திரி தோசைக்குப் பதில் கேழ்வரகு அடை, மாலையில் பஜ்ஜிக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல், மதியம் சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் கீரையும் பொரியலும். செலவு அதிகமில்லை. பழக்கமில்லாதவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரும் குடியுங்கள். இல்லாவிட்டால் வயிறு உப்பும்.

இவ்வளவு பார்த்துச் சாப்பிட்டவர்களுக்கும் புற்றுநோய் வருவதுண்டு. “என்ன தின்னு தொலைச்சியோ” என்று நோயாளியைக் குத்திக் காட்டுவது கொடுமை. உணவு ஆபத்தைக் குறைக்கும், அறவே நீக்காது. ஆகவே மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்று நீங்களே முடிவுகட்டாமல் மருத்துவரிடம் போங்கள். பெருங்குடல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்தலாம்.