தேடாமல் எடுக்கும் வீடு



வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வது பற்றி எழுதப் போகிறோம் என்றதும், "பத்துக்குப் பத்து ரூம்ல அஞ்சு பேரு படுக்குறோம், இதுல என்ன ஒழுங்கு?" என்று நீங்கள் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். டி.வி. விளம்பரத்தில் வரும் வீட்டைப் பற்றி நாம் பேசவில்லை. வேண்டிய பொருள் தேடாமல் கைக்குக் கிடைக்கிறதா என்பதுதான் இங்கே கணக்கு. பெரிய வீட்டில் ஒரு மூலையில் சாமான் குவிந்தாலும் நடக்க வழி இருக்கும். நம் வீட்டில் அந்த மூலையில்தான் அடுப்பே இருக்கிறது.

எண்ணூர், திருவொற்றியூர், மீஞ்சூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் வீட்டுக்காரரையோ மகனையோ 'ஃபைவ் எஸ்' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பல கம்பெனிகளில் சுவரிலேயே எழுதி வைத்திருப்பார்கள். ஜப்பான் தொழிற்சாலைகளில் உருவான முறை இது. செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, சிட்சுகே என்று 5 ஜப்பானியச் சொற்கள். வேண்டாததைப் பிரித்து எடுப்பது, வேண்டியதற்கு இடம் குறிப்பது, துடைத்துச் சுத்தம் செய்வது, எல்லோரும் ஒரே மாதிரி செய்ய முறை வைப்பது, விடாமல் பழக்கமாக்குவது. அவ்வளவுதான் அர்த்தம். பல இடங்களில் ஸ்பானர் மாட்டும் பலகையில் ஒவ்வொரு ஸ்பானரின் வடிவமும் வரைந்திருக்கும். ஒன்று குறைந்தால் காலி இடமே காட்டிக்கொடுக்கும்.

ஆக, எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க ஆண்களுக்கும் நன்றாகவே தெரியும்! கம்பெனியில் செய்கிறவர் வீட்டுக்கு வந்ததும் சாவியை டி.வி. மேலும் சட்டையைக் கதவு மேலும் போடுவானேன் என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். வீட்டு ஒழுங்கு பெண்ணின் தலையில் மட்டும் விழுந்தால் அது ஒரு வாரம் கூடத் தாங்காது.

ஒரே நாளில் வீட்டைக் கவிழ்க்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பரண், அடுத்த ஞாயிறு அடுப்படித் தட்டு என்று வைத்துக்கொள்ளலாம். 'என்னைக்காவது ஆகும்' என்று வைத்த ஓட்டைக் குடம், ஓடாத மிக்சி எல்லாம் பழைய சாமான் கடைக்குப் போகட்டும். சாவிக்கு வாசல் பக்கம் ஓர் ஆணி. பிள்ளைகளின் ஸ்கூல் பைக்கு அவர்கள் எட்டும் உயரத்தில் ஓர் ஆணி. பினாயில், ஆசிட் பாட்டில் மட்டும் அவர்கள் கை எட்டாத மேல்தட்டில். ராத்திரி படுக்கும் முன் 10 நிமிடம், வீட்டில் உள்ள எல்லோரும் அவரவர் பொருளை அதனதன் இடத்தில் வைப்பது. காசிமேடு ஏலத்துக்கு விடியும் முன்னே கிளம்பும் சகோதரிகளுக்கு இந்த 10 நிமிடத்தின் அருமை தெரியும். இருட்டில் கூடையையும் சுருக்குப் பையையும் தேடினால் தூங்குகிற பிள்ளையைத்தான் மிதிக்க வேண்டியிருக்கும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அது காகிதம்.

2023-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கியபோது ஆதார், ரேஷன் கார்டு, கரண்ட் பில், பேங்க் பாஸ்புக் கேட்டார்கள். எல்லாம் நம்மிடம் இருக்கும். ஆனால் ஒன்று அரிசி டிரம்மில், ஒன்று தலையணை உறையில், ஒன்று மாமியார் வீட்டில் இருந்தால் என்ன செய்வது? அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது எர்ணாவூர், எண்ணூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீரோடு எண்ணெயும் புகுந்தது. தண்ணீரில் நனைந்த தாளையாவது காயவைக்கலாம். எண்ணெய் ஊறிய தாளை ஒன்றும் செய்ய முடியாது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு நகல் சான்றிதழ் தர அரசே சிறப்பு முகாம் நடத்த வேண்டியிருந்தது.

எனவே ஜிப் வைத்த ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பை வாங்குங்கள். ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்புக், பிறப்புச் சான்று, சாதிச் சான்று, மார்க் ஷீட், காப்பீட்டு அட்டை, மீனவர் அட்டை, வீட்டுப் பத்திரம் எல்லாம் அதற்குள். கட்டிலுக்கு அடியில் வேண்டாம்; வாசலுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஆணியில் தொங்கட்டும். பை எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஒரு செட் ஜெராக்ஸ் மேட்டுப் பகுதியில் உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். போனிலும் போட்டோ எடுத்து வையுங்கள். குழுவின் தீர்மானப் புத்தகமும் பேரேடும் யார் வீட்டில் இருந்தாலும் அதற்குத் தனிப் பை வேண்டும். அது 12, 15 பேரின் பணக் கணக்கு.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரம், எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் பையைத் தேடி நிற்கவே கூடாது. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு காற்றுக்குக் குறுக்காக விலகிப் போவதுதான் முதல் வேலை. பை வாசலிலேயே இருந்தால் போகிற போக்கில் கைக்கு வரும். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கதவுக்கும் தெருவுக்கும் நடுவில் குடம், சைக்கிள், வலை என்று எதுவும் அடைத்து நிற்காமல் இருப்பது பையைவிட முக்கியம்.

தண்ணீர் டிரம்முக்கு ஒரு நாள் குறியுங்கள். வெள்ளிக்கிழமை எப்படியும் வீடு கழுவுகிறோம், அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது, பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும்.

தூசியைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அனல் மின் நிலையச் சாம்பலும் கண்டெய்னர் லாரிப் புழுதியும் கூட்டினால் அடங்குவதில்லை, எழும்பி மூக்கில்தான் ஏறும். கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள், தட்டுகளை ஈரத்துணியால் துடையுங்கள். தூசி எங்கிருந்து வருகிறது என்று வார்டு கூட்டத்தில் கேட்பது தனி வேலை. அதையும் விட வேண்டாம்.

அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் 5 நிமிடம் ஒதுக்கி, யார் யார் வீட்டில் பை தயார் என்று கேட்டு, பெயர்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். பிறப்புச் சான்றோ வேறு காகிதமோ இல்லாதவர்கள் பெயரையும் தனியாக எழுதிப் பிரதிநிதி மூலம் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். விண்ணப்பம் எழுத நாங்கள் உதவுகிறோம்.