மரமேடையில் ஒலிபெருக்கி
எங்கள் பள்ளிக் கலையரங்க மேடை மரப்பலகையால் ஆனது. ஆண்டு விழாவுக்கு வரும் 40 கிலோ ஒலிபெருக்கிப் பெட்டியை அதன்மீது அப்படியே இழுக்க நான் விடுவதில்லை. பலகையைக் கீறுவது பெரும்பாலும் அடியில் சிக்கும் மணல்தான். ஆகவே முதலில் பெருக்கிவிடுவோம். பிறகு ஆசிரியர் இருவர் பெட்டியைச் சற்றே சாய்க்க, அடியில் மடித்த சமுக்காளத்தை விரிப்போம். கீழ்ப்பாதியில் கைவைத்துத் தள்ளினால் கவிழாது. அசைக்கத்தான் பலம் வேண்டும். நகரத் தொடங்கியபின் குறைவே போதும். எட்டாம் வகுப்பில் உராய்வை விளக்க எனக்கு இதைவிட நல்ல சோதனை கிடைத்ததில்லை. மாணவர்கள் தள்ளிநின்று பார்க்கட்டும், விரல் நசுங்கிவிடும்.

பெட்டிகள் ஒலிவாங்கிக்கு முன்னால், அவையை நோக்கி இருக்கவேண்டும். பின்னால் வைத்தால் அந்த ஒலியே மறுபடி ஒலிவாங்கிக்குள் புகுந்து கீச்சிடும். உட்கார்ந்திருப்போர் தலைக்கு மேலாக உயர்த்தினால் கடைசி வரிசைக் குழந்தைக்கும் சொற்கள் தெளிவாகக் கேட்கும். இடம் முடிவானதும் சமுக்காளத்தை உருவிவிட்டு ரப்பர் விரிப்பு போடுங்கள். இல்லாவிட்டால் அதிர்வில் பெட்டி மெல்ல நகரும்.