நோய்க்கு முன்னே ஓடும் வேலை!

காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகிறோம். காய்ச்சலே வராமல் பார்த்துக் கொள்பவர் யார் தெரியுமா, குட்டீஸ்? குடிநீர், சாக்கடை, குப்பை, கொசு இவற்றைக் கண்காணிப்பவர்கள்தான். இந்தத் துறைக்குப் பெயர் சுற்றுச்சூழல் சுகாதாரம்.

புழுவை விரட்டிய கதை

'நரம்புச் சிலந்தி' என்றொரு நோய் முன்பு நம் நாட்டில் இருந்தது. படி இறங்கித் தண்ணீர் எடுக்கும் கிணறுகளே அதன் வீடு. அந்த நீரில் வாழும் 'சைக்ளோப்ஸ்' என்ற மிகச் சிறிய உயிரிக்குள் புழுவின் குஞ்சு ஒளிந்திருக்கும். நீரைக் குடித்து ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 1 மீட்டர் நீளம் வரை வளர்ந்த புழு, காலைத் துளைத்து வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் காலைக் கிணற்றில் நனைத்தால், புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் விட்டுவிடும்!

இதற்குத் தடுப்பூசியும் கிடையாது, மருந்தும் கிடையாது. சுகாதாரப் பணியாளர்கள் ஊர் ஊராகச் சென்று, நீரைத் துணியில் வடிகட்டக் கற்றுக் கொடுத்தனர். கிணற்றுக்குள் யாரும் கால் வைக்காதபடி மாற்றி அமைத்தனர். கைப்பம்புகள் வந்தன. 1996 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் ஒருவருக்கும் இந்நோய் வரவில்லை. 2000ம் ஆண்டு, இந்தியாவில் நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது.

நம்ம ஊரில்...

களமருதூர் ஆனாலும், கல்வராயன் மலைக் கிராமம் ஆனாலும், இந்த வேலையைச் செய்பவர் சுகாதார ஆய்வாளர். மேல்நிலைத் தொட்டி நீரில் சில சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார். மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது. லிட்டருக்கு 0.2 மில்லி கிராமாவது இருக்க வேண்டும். டெங்கு கொசு தேங்கிய நல்ல நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் 10 நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவச் சொல்வார். 1939ம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம் இவர்களின் பணிக்குத் துணை நிற்கிறது.

என்ன படிக்கலாம்?

பிளஸ் 2வில் உயிரியல் படித்தபின், சுகாதார ஆய்வாளருக்கான 2 ஆண்டுப் பயிற்சி பெறலாம். திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் உள்ள ஊரக சுகாதார நிறுவனம் இதில் பெயர் பெற்றது. கொசு ஆராய்ச்சியில் ஆசையா? 1975ல் தொடங்கிய ஆய்வு மையம் பக்கத்திலேயே, புதுச்சேரியில் இருக்கிறது. சுற்றுச்சூழல் பொறியியலும் படிக்கலாம்.

பயிற்சியை இன்றே தொடங்கலாம். வீட்டைச் சுற்றி வாருங்கள். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை... எதில் தண்ணீர் நிற்கிறது? கவிழ்த்து விடுங்கள், குட்டி ஆய்வாளரே!